உப்பு லோடு லாரியும் ஷெஃபீல்டுல நிக்கிற தம்பி பைக்கும்

"ரோட்ல உப்பு கொட்றாங்களா? எதுக்குடா?"

அப்பா கேட்ட மொத கேள்வி இதான். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, நவம்பர் மாசம். தம்பி இங்கிலாந்துல ஷெஃபீல்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போயி அது அவனுக்கு மொத குளிர்காலம். வீடியோ கால்ல அவன் வாங்குன பழைய 125 சிசி பைக்க காட்டிக்கிட்டு இருந்தான், இன்ஜின் அடியில, செயின் பக்கம், வீல் ரிம்முல எல்லாம் வெள்ளையா பூத்துப்போயி கெடந்துச்சு. நான் அங்கயும் நம்ம தர்மபுரி பக்கம் போர்த்தண்ணி மாதிரி வெள்ளை கட்டுற சப்பத்தண்ணி போலருக்குன்னு நெனச்சேன். அவன்தான் சொன்னான், இல்லண்ணா இது உப்பு, ராத்திரியில லாரி வந்து ரோடு முழுக்க தூவிட்டுப் போயிடும், தண்ணி ஐஸா ஒறைஞ்சி வண்டி வழுக்கக்கூடாதுன்னு அப்படி பண்றாங்கன்னு. கட்டில்ல படுத்துக்கிட்டு கேட்டுட்டு இருந்த அப்பா எந்திரிச்சு உக்காந்துட்டாரு.

"கண்ணு, வண்டிய கழுவுனியா?"

"ஞாயித்துக்கெழம லீவுப்பா, அன்னிக்கு கழுவிக்கிறேன்."

"இன்னிக்கு செவ்வாக்கெழம. அதுவரைக்கும் உப்போடவே நிக்குமா வண்டி? என்னாடா பேசற நீ."

அவரு அவ்ளோ பதறுனதுக்கு காரணம் இருக்கு. அப்பா லாரி டிரைவர். காவேரிப்பட்டணத்துல எங்க தெருவுல பாதிப் பேரு அப்ப லாரிக்குத்தான் போனாங்க. 90கள்ல தூத்துக்குடியில உப்பு ஏத்திக்கிட்டு மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தொப்பூர் கணவாய் ஏறி தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியா பெங்களூரு போவாரு. மதுரையில இருந்து இன்னிக்கு நாம என்எச் 44னு சொல்ற ரோடு, அப்ப ஏழுன்னு சொல்வாங்க. உப்பு லோடுன்னாலே வண்டி ஓனருங்க மூஞ்சி சுளிப்பாங்க, ஏன்னா எவ்ளோ தார்ப்பாய் விரிச்சாலும் உப்புல இருக்குற ஈரம் கசிஞ்சி பலகை சந்து வழியா கீழ சேஸ், அதாவது வண்டிய தாங்குற இரும்புச் சட்டத்து மேல சொட்டிக்கிட்டே வரும், ரெண்டு மூணு வருசம் அதே லோடு அடிச்சா சேஸ் ஓரம் அப்பளம் மாதிரி அடுக்கடுக்கா உதிரும், பட்டை கட்டுற யூ போல்ட்ட கழட்டப் போனா ஸ்பேனர் வெக்கிறதுக்கு நட்டே இருக்காது. அதனால அப்பா பெங்களூருல லோடு எறக்கிட்டு வந்தாருன்னா நேரா வீட்டுக்கு வரமாட்டாரு. தென்பெண்ணை ஆத்துல தண்ணி இருந்தா அங்க, இல்லன்னா ரோட்டோரம் வாட்டர் சர்வீஸ்ல, அடியில படுத்து சேஸ் முழுக்க கழுவிட்டுத்தான் வீட்டுப்படி ஏறுவாரு. ராத்திரி 2 மணி ஆனாலும் சரி. அம்மா சோத்த மூடி வச்சிட்டு உக்காந்திருப்பாங்க. சின்னப் பையனா இருந்தப்ப எனக்கு அது கோவமா வரும், எங்களவிட லாரிதான் முக்கியமான்னு. இப்ப நெனச்சா அந்த லாரிதான எங்க ரெண்டு பேரையும் படிக்க வச்சுது.

சரி, விசயத்துக்கு வரேன். இங்க கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துல இருந்து நெறைய பசங்க இப்ப இங்கிலாந்து, கனடா, ஜெர்மனின்னு போறாங்க, போயி பைக் வாங்கறாங்க, நமக்கு பைக் இல்லாம இருக்க முடியாது. ஆனா உப்பு ரோட்ல பைக் ஓட்டுறது நம்ம ஊருல யாருக்கும் பழக்கம் இல்லாத விசயம். தம்பிக்கு மொத வருசம் நடந்ததும், ரெண்டாவது வருசம் நாங்க அப்பா, நான், அவன் மூணு பேரும் போன்லயே சேந்து பண்ணதும் இங்க எழுதி வச்சா யாருக்காவது ஆகும்.

மொதல்ல அந்த உப்பு என்னான்னு சொல்லிடறேன். அது நம்ம தூத்துக்குடி மாதிரி கடல்தண்ணிய பாத்தி கட்டி காயவச்சு எடுக்குற உப்பு இல்ல, பாறை உப்பு. இங்கிலாந்துல செஷையர் பக்கம் வின்ஸ்ஃபோர்டுன்னு ஒரு ஊருல பூமிக்கு அடியில சுரங்கம் இருக்கு, 1844ல ஆரம்பிச்சது, இன்னும் வெட்டிக்கிட்டே இருக்காங்க. களிமண்ணு கலந்து இருக்கறதால பழுப்பு நெறத்துல இருக்கும். உப்ப சுரங்கத்துல வெட்றாங்கன்னு சொன்னதும் அப்பா நம்பவே இல்ல, தம்பி போட்டோ அனுப்புன பொறவுதான் "நெசமாத்தான் இருக்குது"ன்னாரு. ரோட்டு மேல்பரப்பு சூடு ஏறக்குறைய 1 டிகிரிக்கு எறங்கும்னு கணிப்பு வந்தாலே லாரி கெளம்பிடும், சதுர மீட்டருக்கு 10 கிராம் கணக்குல தூவுவாங்க, பனி கொட்டுனா 20, 40 கிராம் வரைக்கும் போகும். அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் இது நடக்கும். உப்புத்தண்ணி 0 டிகிரியில ஒறையாது, இன்னும் கீழ போகணும், சரியான அளவுல கலந்தா மைனஸ் 21 வரைக்கும் கூட தண்ணியாவே நிக்கும். ஆனா ரோட்ல நெசமா வேலை செய்யறது மைனஸ் 7, 8 வரைக்கும்தான்னு வச்சிக்கலாம், அதுக்குக் கீழ ஐஸ் உருகுறது ரொம்ப மெதுவாயிடும். கனடா மாதிரி இன்னும் குளிருற எடத்துல கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடுன்னு வேற உப்பும் போடறாங்க, அது இன்னும் மோசம், காத்து கொஞ்சம் காஞ்சிருந்தாலும் ஈரத்த இழுத்து வச்சிக்கும்.

இந்த ஈரம் இழுக்குற விசயம்தான் எல்லாத்துக்கும் மூலம். தம்பி என்ன நெனச்சான்னா, உப்பு காஞ்சி வெள்ளையாயிடுச்சு, இனி ஒண்ணும் பண்ணாது, ஞாயித்துக்கெழம கழுவிக்கலாம்னு. நான் என் வீட்டுக்காரிகிட்ட கேட்டேன், அவ ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுக்கறா. அவ சமையக்கட்டுல இருந்து உப்பு ஜாடிய எடுத்துட்டு வந்து தம்பிக்கு கேமராவுல காட்டுனா. ஐப்பசி மழை, ஜாடியில கல்லுப்பு நீர்த்துப்போயி அடியில தண்ணி நின்னுச்சு. "யாரும் இதுல தண்ணி ஊத்தல, காத்துல இருந்து அதுவே குடிச்சிக்கிச்சு"ன்னா. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டுனா சாதா உப்பு தானா தண்ணி ஆயிடும். இங்கிலாந்து குளிர்காலத்துல ஈரப்பதம் முக்காவாசி நேரம் அதுக்கு மேலதான். அப்ப வண்டியில காஞ்சமாதிரி தெரியிற உப்பு ராத்திரியில மறுபடியும் உப்புத்தண்ணி ஆகி, போல்ட்டு இடுக்கு, வெல்டிங் ஓரம், பெயின்ட் பேந்த எடம்னு போயி உக்காந்து வேலைய ஆரம்பிச்சிடும். நாம தூங்கறோம், அது தூங்கறதில்ல.

வெறும் தண்ணிக்கும் உப்புத்தண்ணிக்கும் என்ன வித்தியாசம்னா, உப்புத்தண்ணியில கரன்ட்டு நல்லா ஓடும், துரு பிடிக்கிறது அடிப்படையில ஒரு சின்ன பேட்டரி வேலை மாதிரிதான், அது வேகமா நடக்கும். அதவிட, அலுமினியத்துக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் மேல கண்ணுக்கு தெரியாத ஒரு ஆக்சைடு தோல் காவலா இருக்கும், உப்புல இருக்குற குளோரைடு அந்தத் தோல ஊசி குத்துற மாதிரி ஓட்ட போட்டுடும். அலுமினிய இன்ஜின்ல இரும்பு போல்ட்டு இருக்குற எடம் இன்னும் கஷ்டம், ரெண்டு உலோகத்துக்கு நடுவுல உப்புத்தண்ணி நின்னா அலுமினியம் அரிச்சி வெள்ளைப் பொடியா வந்து போல்ட்ட அப்படியே கவ்விக்கும். அப்பா பாத்த அப்பளம் எல்லாம் இரும்பு, அது வெளிய தெரியும். பைக்குல முக்காவாசி வெளிய தெரியாது, கழட்டப் போறப்பதான் தெரியும்.

தம்பிக்கு அப்படித்தான் ஆச்சு. மொத குளிர்காலம் முழுக்க வாரத்துக்கு ஒருவாட்டி, சில சமயம் ரெண்டு வாரத்துக்கு ஒருவாட்டி கழுவுனான். நைட் ஷிஃப்ட் முடிச்சி காலைல 8 மணிக்கு வர்றவன், குளிரு, இருட்டு, நானும் அவன ரொம்ப சொல்லல. இன்னொரு தப்பும் பண்ணிட்டான், ஈர வண்டி மேல பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கி கட்டிட்டான், உள்ள ஈரம் வெளிய போகாம உப்போட வெந்துச்சு. பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு கழுவுனான், அந்த லிக்விட் நெறையதுல கெட்டியா வர்றதுக்காக உப்பே சேக்கறாங்கன்னு அவனுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. மார்ச் மாசம் வண்டிய தள்ளுனா கனமா இருக்குதுண்ணான்னு சொன்னான். முன் டிஸ்க் பிரேக்குல பேட்ட டிஸ்க்கு மேல அழுத்துற காலிப்பர்ல ரெண்டு பின் இருக்கும்ல, காலிப்பர் நகர்றதுக்கு, அது உள்ளயே துரு கட்டி நின்னுபோச்சு, ஒரு பக்கம் பேட் மட்டும் இரும்பு தெரியற வரைக்கும் தேஞ்சிருந்துச்சு. வருசா வருசம் அங்க மூணு வருசம் தாண்டுன வண்டிக்கு எம்ஓடின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அதுல ஃபெயில். ஒர்க்‌ஷாப்ல குடுத்தா எக்ஸாஸ்ட் பைப்ப கழட்றப்ப அத பிடிச்சிருக்குற ஸ்டட் போல்ட்டு இன்ஜின் ஹெட்டுக்குள்ளயே முறிஞ்சி நின்னுடுச்சு, அத துளை போட்டு எடுக்க தனி காசு. அந்த மாசம் வீட்டுக்கு பணம் அனுப்ப முடியலன்னு அவன் சொன்ன குரல நான் மறக்கல. பிரேக்கு நின்னுபோனதுதான் எனக்கு பயம். காசு வரும் போகும், அந்த ஊரு முழுக்க ஏத்தம் எறக்கம், எறக்கத்துல பிரேக் பிடிக்கலன்னா என்னாவறது.

ரெண்டாவது வருசம் செப்டம்பர்லயே நாங்க உக்காந்துட்டோம். அப்பா பாணி என்னான்னா, லாரி சேஸுக்கு வேஸ்ட் ஆயிலையும் டீசலையும் கலந்து ஸ்பிரே அடிக்கறது, உப்பு சீசனுக்கு முன்னாடி ஒருவாட்டி, நடுவுல ஒருவாட்டி. அதையே தம்பியையும் அடிக்கச் சொன்னாரு. நான் வேணாம்னேன். லாரி வேற பைக் வேற, பைக்குல அது டயர்லயும் டிஸ்க்லயும் எறங்கும், ரப்பர் ஊதிப்போகும், மண்ணுக்கும் கெடுதி. ஆனா அவரு சொல்ற யோசன சரி: உப்பு வர்றதுக்கு முன்னாடியே உலோகத்து மேல ஒரு எண்ணெப் படலம் இருக்கணும். அதுக்குன்னே செஞ்ச பொருள் அங்க கெடைக்குது. ஏசிஎஃப்-50னு ஒண்ணு, விமானத்துக்குன்னு செஞ்சது, பைக்காரங்க குளிர்காலத்துக்கு அதத்தான் நெறைய அடிக்கறாங்க. ஆட்டு ரோமத்துல இருந்து எடுக்குற லேனோலின் கொழுப்புல செஞ்சதும் இருக்கு. மொத வருசம் அவன் டபிள்யூடி-40 மட்டும் அடிச்சிட்டு போதும்னு விட்டுட்டான், அது ஈரத்த வெரட்டறதுக்கு செஞ்சது, பேர்லயே வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்னுதான் இருக்கு, மாசக்கணக்குல உப்பு மழையில நிக்கிற படலம் அது இல்ல.

அக்டோபர் மொத வாரம், காஞ்ச வெயில் இருந்த ஒரு நாள் பாத்து, வண்டிய முழுசா கழுவி, ஒரு நாள் முழுக்க காயவச்சு, அப்பறம் அடிச்சான். ஈரத்து மேல அடிச்சா ஈரத்த உள்ள வச்சு மூடுன மாதிரி ஆயிடும். டப்பாவ நேரா வண்டிய பாத்து அடிக்காம துணியிலயும் பெயின்ட் பிரஷ்லயும் அடிச்சு தடவுனான், டிஸ்க்கு, பேட், டயர், ஹேண்டில் கிரிப், ஃபுட்ரெஸ்ட் ரப்பர் பக்கம் ஒரு சொட்டு கூட போகக்கூடாதுன்னு நான் வீடியோவுல பாத்துக்கிட்டே இருந்தேன். போல்ட்டு தலைங்க, ஸ்போக் நிப்பிள், ஸ்டாண்டு ஸ்பிரிங், எக்ஸாஸ்ட் ஸ்டட், செயின் அட்ஜஸ்டர், ஃபோர்க் கீழ பாகம். எக்ஸாஸ்ட் பைப்புல சூட்டுக்கு அது தங்காது, ஆனா ஸ்டட் பக்கம் தடவறது வீணில்ல. லைட்டுக்கு போற ஒயர் கனெக்டர எல்லாம் கழட்டி டைஎலக்ட்ரிக் கிரீஸ், அதாவது கரன்ட்டு கடத்தாத கிரீஸ் வச்சான். முன் மட்கார்டு கீழ ஒரு நீளமான ரப்பர் பிளாப் வச்சு கட்டுனான், இந்த ஒரு வேலைதான் ரொம்ப சல்லிசு, ரொம்ப பலன், முன் வீல் வாரி அடிக்கிற உப்புத்தண்ணி இன்ஜின் மேலயும் எக்ஸாஸ்ட் மேலயும் போறது பாதியா கொறையும். வண்டி பாக்கறதுக்கு அழுக்கா இருக்கும், தூசி ஒட்டும். ஒட்டட்டும். குளிர்காலத்துல பைக்க பளபளன்னு வச்சிக்கணும்னு ஆசப்படக்கூடாது.

காலிப்பர கழட்டி பின்ன தொடச்சி சிலிக்கான் கிரீஸ் வச்சதுதான் இதுலயே முக்கியமான வேலை. சாதா கிரீஸ் வச்சா பின்னுக்கு மேல இருக்குற ரப்பர் உறை ஊதிப்போகும். இத சீசன் ஆரம்பத்துல ஒருவாட்டி, ஜனவரி நடுவுல ஒருவாட்டி, முடிஞ்சதும் ஒருவாட்டி பண்ணனும்னு முடிவு பண்ணோம்.

அப்பறம் கழுவுறது. பிரச்சன என்னான்னா அவன் இருக்குறது மாடி ஃபிளாட்டு, வெளிய பைப் இல்ல, ஹோஸ் இல்ல. அங்க கழுவுற கடைக்கு தினமும் போக முடியாது. இதுக்கு வழி சொன்னது அப்பாதான். "நம்ம மாந்தோப்புக்கு மருந்தடிக்கிறோமே டேங்கு, அந்த மாதிரி அங்க கெடைக்காதா?" கெடைச்சுது. தோட்டத்துக்கு அடிக்கிற 5 லிட்டர் கை பம்ப் ஸ்பிரேயர். வேலைல இருந்து வந்ததும் மாடி ஏறி 5 லிட்டர் தண்ணி பிடிச்சி, பம்ப் அடிச்சி, இன்ஜின் அடி, காலிப்பர், ஃபோர்க், செயின், வீலு, மட்கார்டு உள்பக்கம்னு அடிச்சி எறக்கிடுவான். 10 நிமிசம்கூட ஆகாது. சோப்பு வேணாம், தேய்க்க வேணாம், தினமும் செய்ய வேண்டியது உப்ப கரைச்சி எறக்கறது மட்டும்தான். சுடுதண்ணியும் வேணாம், என் வீட்டுக்காரி இதையும் சொன்னா, சக்கர மாதிரி இல்ல உப்பு, பச்சத்தண்ணியிலயும் சுடுதண்ணியிலயும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கரையும், 100 மில்லிக்கு 36 கிராம் பக்கம். சூடு பட்டா துரு பிடிக்கிற வேகம்தான் கூடும். அதே காரணத்துக்காகத்தான் உப்போட வந்த வண்டிய கழுவாம கதகதன்னு இருக்குற ஷெட்டுக்குள்ள வைக்கக்கூடாதுங்கறது. வெளிய குளிருல நிக்கிற வண்டிதான் மெதுவா துரு பிடிக்கும், கேக்க தலைகீழா இருக்கும் ஆனா அதான் நெசம்.

மைனஸ்ல போற நாள்ல தண்ணி அடிக்கக்கூடாது, அது நடைபாதையில ஐஸா ஒறைஞ்சி யாராவது வயசானவங்க வழுக்கி விழுவாங்க, லாக்கு, கேபிள் உள்ளயும் ஒறையும். அந்த நாள் விட்டுட்டு, 0வுக்கு மேல ஏறுன மொத வேளையில அடிச்சிடணும். வாரத்துக்கு ஒருவாட்டி பைக் ஷாம்பு போட்டு முழுசா கழுவுவான், பெரிய பிரஷர் வாஷர் அடிச்சா வீல் பேரிங், ஹேண்டில் பேரிங் பக்கம் நேரா அடிக்க மாட்டான், கிரீஸ் போயி தண்ணி உள்ள எறங்கிடும். கழுவி முடிச்சதும் பிரேக்க பிடிச்சி பிடிச்சி கொஞ்ச தூரம் ஓட்டி டிஸ்க்க காயவைக்கணும். பிளாஸ்டிக் கவர தூக்கி போட்டுட்டு காத்து போற கவரா வாங்குனான்.

செயினு பத்தி தனியா சொல்லணும், ஏன்னா தண்ணி அடிக்க அடிக்க ஆயிலும் போயிடும். அவன் வண்டியில ஓ-ரிங், அதாவது கிரீஸ உள்ள பூட்டி வைக்கிற ரப்பர் வளையம் இல்லாத சாதா செயின். தண்ணி அடிச்ச பொறவு பழைய துணியில தொடச்சி, சூடு இருக்கறப்பவே உள்பக்கமா 90 ஆயில் விடுவான், நம்ம ஊரு மெக்கானிக் எல்லாரும் விடுற அதே கியர் ஆயில்தான். மொத வருசம் ஒரே குளிர்காலத்துல செயின் முறுக்கிக்கிட்டு லிங்க் லிங்கா நின்னுபோச்சு, ரெண்டாவது வருசம் அதே காசு செயின் கோடையிலயும் ஓடுச்சு.

இங்க இருக்குறவங்களுக்கு இது எதுக்குன்னு கேக்கலாம். 2019ல நான் இங்கருந்து தனுஷ்கோடி போனேன், 500 கிலோமீட்டர் பக்கம் வரும், அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்ட பொறவு எல்லாரும் போற மாதிரிதான். ரெண்டு பக்கமும் கடலு, காத்துல உப்புச் சாரல் மூஞ்சியிலயே அடிக்கும், ஒதட்ட நக்குனா கரிக்கும். திரும்பி வந்து ஒரு வாரம் வண்டிய அப்படியே நிறுத்திட்டேன், ஓசூருக்கு பஸ்லதான் வேலைக்கு போனேன். ஸ்போக்கு எல்லாம் செவந்து போச்சு. அப்பா அப்ப எங்கிட்ட ஒண்ணும் சொல்லல, தானே ஒரு மண்ணெண்ண துணிய எடுத்துக்கிட்டு ஒவ்வொரு ஸ்போக்கா தொடச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. அதனால கடலுக்குப் போயிட்டு வந்தா அன்னிக்கே நல்லதண்ணியில அலசுங்க. நல்லதண்ணின்னு சொல்றது ஏன்னா நம்ம பக்கம் போர்த்தண்ணி அலசுனாலே வெள்ளை கட்டும். அது முக்காவாசி சுண்ணாம்பு, கடலுப்பு மாதிரி அரிக்காது, ஆனாலும் காயறதுக்குள்ள துணிய வச்சு தொடச்சிடறது நல்லது, கடைசி அலசுக்கு குழாயில வர்ற ஒகேனக்கல் காவேரித் தண்ணியோ மழைத்தண்ணியோ ஒரு குடம் இருந்தா போதும்.

இந்த ஏப்ரல் மாசம் அங்க உப்பு போடறது நின்ன பொறவு தம்பி ஒரு மத்தியானம் கூப்ட்டான். காலிப்பர கழட்டி தரையில வச்சிருந்தான். பிளையர் எதுவும் எடுக்கல, ரெண்டு வெரல்ல பின்ன பிடிச்சி இழுத்தான், வழுக்கிக்கிட்டு வெளிய வந்துச்சு. எக்ஸாஸ்ட் ஸ்டட் நட்டும் ஸ்பேனர் வச்சதும் திரும்புச்சு. அப்பா கண்ணாடி போட்டுக்கிட்டு என் கையில இருந்து போனை வாங்கிட்டாரு.

"இன்னொருவாட்டி இழு கண்ணு, பாக்கறேன்."

உள்ள தள்ளி மறுபடியும் இழுத்தான்.

"இன்னொரு பின்னு?"

அதையும் இழுத்து காட்டுனான்.

"சரி. துணியில தொடச்சிட்டு புது கிரீஸ் வச்சு மூடு. எடது பக்கம் ரப்பர் நல்லா உக்காந்துச்சான்னு பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டு போனை எங்கிட்ட குடுத்துட்டு தோப்புக்கு தண்ணி கட்ட போயிட்டாரு.